நான்காவது ஆள்

கியோக் லுவான் அக்காவை நான் முதலில் பார்த்தது 1979இல், ஹவ்காங் ஆறாவது மைல் பஸ் ஸ்டாப்பில். அவர் பஸ்ஸுக்காக நிற்கவில்லை. காலை வேளையில் அங்கே நின்றவர்களில் பாதிப் பேர் பஸ்ஸுக்காக நிற்கவில்லை.

ஏழரை மணியிலிருந்து பத்தேகால் வரை நகரத்துக்குள் நுழையும் காருக்குக் காசு கட்ட வேண்டும். முதலில் மூன்று வெள்ளி, அதாவது மூன்று டாலர், அப்புறம் நாலு, பிறகு ஐந்து. கட்டியதற்கு அடையாளமாக ஒரு சீட்டைக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ள வேண்டும். எல்லையில் சாலைக்கு மேலே பெரிய வளைவு. அதன் கீழே சீருடை போட்ட வார்டன் ஒருவர் அட்டையும் பேனாவுமாக நின்று, சீட்டு இல்லாத காரின் நம்பரை எழுதிக்கொள்வார். ஆனால் காருக்குள் நாலு தலை இருந்தால் காசு இல்லை. அதனால் தனியாக வேலைக்குப் போகும் காரோட்டிகள் வழியில் பஸ் ஸ்டாப்பில் நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, விரலைக் காட்டுவார்கள். இரண்டு விரல் என்றால் இரண்டு பேர் வேண்டும். மூன்று விரல் என்றால் மூன்று பேர். யார், எவர் என்று யாரும் கேட்பதில்லை. ஏறி உட்கார வேண்டியதுதான்.

மிஸ்டர் தியோவின் வெளிர்நீல டட்சன் எப்போதும் மூன்று விரல் கார். ஏழு பத்துக்கு வரும். நான் அப்போது ஒரு கப்பல் கம்பெனியில் தொலைபேசி இணைப்புக் கொடுக்கும் வேலையில் இருந்தேன். தபால் அலுவலகத்தில் கடிதம் பிரிக்கும் பாசிரான் அண்ணன் முன்சீட்டில் ஏறுவார். பின்னால் நானும் லுவான் அக்காவும். ஒரு வாரம் தற்செயலாக இப்படி அமைந்தது. அடுத்த வாரத்திலிருந்து மற்ற கார்கள் விரல் காட்டினாலும் நாங்கள் மூன்று பேரும் ஏறாமல் டட்சனுக்காக நின்றோம்.

லுவான் அக்காவுக்கு அப்போது நாற்பத்தொரு வயது. ராபின்சன் ரோட்டில் ஒரு பதினான்கு மாடிக் கட்டடத்தில், பதினோராவது மாடி அலுவலகத்தில் டீ போட்டுக் கொடுத்து, கோப்பை கழுவி, தரை துடைக்கிற வேலை. எங்கள் பக்கத்துத் தியோச்சியூ சீனப் பெண்களில் பலரைப் போல ஒடிசலான உடம்பு. கை மட்டும் பெரிது. கணவர் ஆ ஹெங் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. இடுப்புக்குக் கீழே எதுவும் அசையாது. பிள்ளைகள் இல்லை.

அக்கா காலை நாலு மணிக்கு எழுவார். ஆ ஹெங்கைப் புரட்டிப் போட்டுத் துடைத்து, துணி மாற்றி, அழுக்கு விரிப்பை அலசிக் காயப்போட்டு, கஞ்சி வைத்து, ஒரு கிண்ணம் ஊட்டிவிட்டு, மிச்சத்தைப் பிளாஸ்கில் ஊற்றிக் கை எட்டும் தூரத்தில் வைப்பார். பத்து மணிக்குப் பக்கத்து வீட்டுப் பெண் ஒரு தடவை எட்டிப் பார்ப்பாள். சாயங்காலம் வந்ததும் இதே வேலைகள் மறுபடியும். ராத்திரி மூன்று முறை எழுந்து அவரைப் புரட்ட வேண்டும், இல்லாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். இதெல்லாம் அவர் ஒரே மூச்சில் சொன்னதில்லை. வருஷக்கணக்கில் ஒன்றொன்றாக என் காதில் விழுந்தவை.

பஸ்ஸில் போனால் ஒன்றேகால் மணி நேரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். காரில் முப்பத்தைந்து நிமிஷம், அதுவும் உட்கார்ந்து. கதவைச் சாத்திய அடுத்த நிமிஷம் அக்கா தூங்கிவிடுவார். வாய் திறந்திருக்கும், செருப்பு ஒன்று கழன்று கிடக்கும். ஒரு நாளில் யாருக்கும் எதுவும் செய்ய வேண்டியிராத நேரம் அவருக்கு அது ஒன்றுதான் என்று எனக்குப் புரிய நாளாயிற்று. முதலில், என்ன மனுஷி இவர், ஒரு காலை வணக்கம்கூடச் சொல்லாமல் குறட்டை விடுகிறாரே என்றுதான் நினைத்தேன்.

மறு வருஷம் மிஸ்டர் தியோவுக்கு வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தது. இன்ன தேதியில் உங்கள் கார் மூன்று பேருடன், சீட்டு ஒட்டாமல் வளைவைத் தாண்டியது, அபராதம் கட்டுங்கள் என்று. பஸ் ஸ்டாப்பிலேயே காரை ஓரங்கட்டி எங்களிடம் காட்டினார். அவர் அதிகம் பேசாதவர். மர ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் கப்பல் பத்திரங்கள் எழுதும் பிரிவுக்குத் தலைமை எழுத்தர். தினமும் டை கட்டுவார். அன்றைக்கு அவர் முகம் வெளுத்துப்போயிருந்தது.

பாசிரான் அண்ணன் கடிதத்தை வாங்கி இரண்டு தடவை படித்தார். "அப்ப நம்மள்ல ஒரு ஆளு ஆவி. யாருன்னு சொல்லிருங்கப்பா, நான் பின்னாடி திரும்பாம உக்காந்துக்கறேன்" என்றார்.

யாரென்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அந்த வாரம் ஆ ஹெங்குக்குக் காய்ச்சல். அக்கா மூன்று ராத்திரியாகக் கண் மூடவில்லை. காரில் அப்படியே சரிந்து என் மடியில் தலை வைத்துப் படுத்துவிட்டார். எழுப்ப எனக்கு மனம் வரவில்லை. வெளியே நின்ற வார்டனுக்கு மூன்று தலைதான் தெரிந்திருக்கும்.

அபராதத்தைத் தானே கட்டிவிடுவதாக அக்கா சொன்னார். மிஸ்டர் தியோ ஒப்புக்கொள்ளவில்லை. காசுக்காக இல்லை, நான் பொய் சொன்னதாக அவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள் என்றார். இருவரும் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கடிதம் அனுப்பிய அலுவலகத்துக்குப் போனார்கள். அங்கே நடந்ததை மிஸ்டர் தியோ அடுத்த நாள் காரில் சொன்னார். அவர் இவ்வளவு நீளமாகப் பேசி நாங்கள் கேட்டதில்லை.

அங்கிருந்த அதிகாரி அக்காவைப் பார்த்து, நீங்கள் காரில் இருந்தீர்களா என்று கேட்டிருக்கிறார். இருந்தேன் என்றாராம் அக்கா.

"வார்டன் உங்களப் பாக்கலையே?"

"நானும்தான் வார்டனப் பாக்கல. தூங்கிட்டு இருந்தேன்."

"கார்ல தினமும் தூங்குவீங்களா?"

"வேற எங்க தூங்கறது?"

அதிகாரி சிரிக்கவில்லையாம். அக்கா மேசைமேல் வைத்திருந்த கையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கடிதத்தின் மேல் குறுக்கே ஒரு கோடு போட்டு, போகலாம் என்றாராம்.

மறுநாள் பின்சீட்டில் ஒரு சின்னத் தலையணை இருந்தது. கதவுப் பக்கம் சாய்ந்து தூங்கினாலும் தலை கண்ணாடி வழியே வெளியே தெரிகிற உயரம். அதற்குப் பிறகு மிஸ்டர் தியோ திருப்பங்களில் வேகத்தைக் குறைத்தார். பாசிரான் அண்ணன் பத்திரிகையைச் சத்தமாகப் படிப்பதை நிறுத்திக்கொண்டார். அக்கா மட்டும் மிஸ்டர் தியோவைத் "தவுக்கே, தவுக்கே" என்று கூப்பிட ஆரம்பித்தார். முதலாளி என்று அர்த்தம். பழைய டட்சன் வைத்திருக்கிற முதலாளி. அவருக்கு அந்தக் கேலி பிடித்திருந்தது என்று நினைக்கிறேன்.

இப்படி ஆறு வருஷம் ஓடியது. நடுவில் எனக்குக் கல்யாணம் ஆகி, ஒரு மகள் பிறந்து, மூன்று மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது என் இடம் எனக்காகக் காலியாக இருந்தது. அதுவரைக்கும் தினமும் வேறு வேறு ஆளை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

1985இல் நிலைமை மோசமானது. எங்கள் கம்பெனியிலேயே பதினெட்டுப் பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். காரில் தினமும் அதே பேச்சுதான்: எந்தக் கப்பல் பட்டறை மூடியது, யாருக்குச் சம்பளத்தில் வெட்டு. மிஸ்டர் தியோ மட்டும் அந்தப் பேச்சில் கலந்துகொள்ளமாட்டார். நாங்களும் கேட்கவில்லை. ஏழு பத்துக்கு வந்த கார் ஏழு ஐந்துக்கே வரத் தொடங்கியது. சட்டை கஞ்சி போட்டுத் தேய்த்து, டை கட்டி, அதே மிஸ்டர் தியோதான்.

ஜூலையில் ஒரு நாள் முற்பகல் பதினொரு மணிக்கு அக்காவின் அலுவலகத்துக்குத் தொலைபேசி வந்தது. ஆ ஹெங் கட்டிலிலிருந்து உருண்டு விழுந்துவிட்டார், தலையில் ரத்தம் என்று பக்கத்து வீட்டுப் பெண் அழுதிருக்கிறாள். ஆறு வருஷத்தில் மிஸ்டர் தியோவிடம் ஒரு உதவியும் கேட்காத அக்கா அன்று இரண்டு தெரு தாண்டி அவருடைய நிறுவனத்துக்கு ஓடினார். வாசலில் இருந்த பெண், மிஸ்டர் தியோவா, அவர் மார்ச்சிலேயே போய்விட்டாரே என்றாள். அவருடைய பிரிவையே எடுத்துவிட்டார்களாம்.

அக்கா டாக்சி பிடித்து வீட்டுக்குப் போனார். ஆ ஹெங்குக்கு ஐந்து தையல். மறுநாள் காலை அக்கா வழக்கம்போல டட்சனில் ஏறினார். ஆனால் தூங்கவில்லை. அடுத்த நாளும் இல்லை. இரண்டு வாரம் கண்ணைத் திறந்துகொண்டு மிஸ்டர் தியோவின் பிடரியைப் பார்த்தபடியே வந்தார். கணவரைப் பற்றிய கவலை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் மிஸ்டர் தியோவே கேட்டார், தலையணை சரியில்லையா என்று. அது சரியாகத்தான் இருக்கிறது என்றார் அக்கா.

அன்றைக்குப் பாசிரான் அண்ணனும் நானும் இறங்கியபின், ராபின்சன் ரோட்டில் தன் கட்டட வாசலில் அக்கா இறங்கவில்லை. இதை அவர் பல வருஷம் கழித்துத்தான் எனக்குச் சொன்னார்.

"தவுக்கே, இப்ப எங்க போறீங்க?"

"ஆபீசுக்கு."

"எந்த ஆபீசுக்கு?"

மிஸ்டர் தியோ காரைக் கொஞ்ச தூரம் ஓட்டிப்போய் ஓரமாக நிறுத்தினார். என்ஜினை அணைக்கவில்லை. பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். எங்களை இறக்கிவிட்டபின் எல்லைக்கு வெளியே எங்காவது காரை நிறுத்திவிட்டு நடப்பார். நூலகத்தில் பதினொரு மணி வரை. பிறகு கடலோரம் பெஞ்சு. மழை வந்தால் காருக்குள். ஐந்து மணி ஆனதும் வீட்டுக்கு. சேமிப்பிலிருந்து மாதாமாதம் சம்பளம் மாதிரி எடுத்து மனைவியிடம் கொடுத்துவந்தார். அறுபத்திரண்டு இடத்துக்கு விண்ணப்பம் போட்டிருந்தார். ஐம்பது வயதுக்காரனை யார் எடுப்பார்கள்.

"அப்புறம் ஏன் தெனம் வர்றீங்க? வீட்டுக்குத் தெரியக் கூடாதுன்னா வேற எங்கயாச்சும் போய் உக்காரலாம்ல?"

"நீங்க மூணு பேரும் நிப்பீங்களே" என்றார் மிஸ்டர் தியோ.

அக்கா யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு இறங்கினார். ஒரு மணி நேரம் தாமதம். மேற்பார்வையாளரிடம் திட்டு வாங்கினார்.

அக்கா சும்மா இருக்கவில்லை. அவர் வேலை பார்த்த கட்டடத்தில் கீழ்த்தளத்தில் ஒரு கடித அறை இருந்தது. பதினான்கு மாடிக்கும் வருகிற தபாலைப் பிரித்து அனுப்பும் இடம். அங்கே இருந்தவர் வேலையை விட்டுவிட்டதாகக் கேள்விப்பட்டு, கட்டட மேலாளருக்கு டீ கொண்டுபோனபோது மெல்லப் பேச்சை எடுத்திருக்கிறார். எனக்குத் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், நேரம் தவறமாட்டார் என்று. வரச் சொல்லுங்கள் என்றார் மேலாளர்.

மறுநாள் இறங்கும்போது மிஸ்டர் தியோவிடம் இதைச் சொன்னார். அவர் நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தாராம்.

"நான் இருபத்தாறு வருஷம் கப்பல் பத்திரம் எழுதுனவன். கோப்பை கழுவுற பொம்பளை எனக்கு வேலை பாத்துக் குடுக்கற அளவுக்கு வந்துட்டனா?"

அக்கா கதவைச் சாத்திவிட்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் டட்சன் வரவில்லை. அதற்கு மறுநாளும். நாங்கள் மூன்று பேரும் ஏழரை வரை நின்றுவிட்டு வேறு கார்களில் பிரிந்து ஏறினோம். மிஸ்டர் தியோவுக்கு உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்று பாசிரான் அண்ணன் சொன்னார். வேற்று மனிதர் காரில் அக்காவுக்குத் தூக்கம் வரவில்லை. முகம் சாம்பல் பூத்த மாதிரி ஆகிவிட்டது.

பத்தாவது நாள். வியாழக்கிழமை என்று ஞாபகம். பஸ் ஸ்டாப்புக்கு ஒரு சீனப் பெண் வந்தார். ஐம்பதை நெருங்கிய வயது, பூப்போட்ட சட்டை, சந்தைக்குப் போகிற கூடை கையில், ஆனால் கூடை காலி. எங்கள் ஒவ்வொருவரையும் உற்றுப் பார்த்துக்கொண்டே வந்து லுவான் அக்காவின் முன்னால் நின்றார்.

"டட்சன்ல போற பொம்பளை நீதானா?"

அக்கா தலையை ஆட்டினார்.

"நான் தியோவோட சம்சாரம். போன மாசம் உன்னையும் அவரையும் ராபின்சன் ரோட்ல காருக்குள்ள ஒரு மணி நேரம் பாத்ததா என் தங்கச்சி வந்து சொன்னா. நான் நம்பல. இப்ப பத்து நாளா வீட்ல சோறு இறங்கல, பேச்சில்ல, ஆனா காலைல டை கட்டிட்டுக் கிளம்பிடறாரு. எத்தன நாளா நடக்குது இது?"

ஒரு கார் வந்து இரண்டு விரல் காட்டியது, யாரும் நகரவில்லை. அக்கா என்ன சொல்வார் என்று பார்த்தேன். அவருக்குக் கோபம்கூட வரவில்லை. கோபப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே.

"ஆறு வருஷமா. அவரு கார்லதான் தூங்கறேன்" என்றார் அக்கா. "இதோ இந்தப் பொண்ணும்தான் கூட இருப்பா. அந்த மலாய்க்காரரும் இருப்பாரு. கேட்டுப் பாருங்க."

மிஸஸ் தியோ என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். பாசிரான் அண்ணன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, ஆமாம் அம்மா, குறட்டை வேற விடுவாங்க என்றார். அவர் கேலியாகச் சொல்லவில்லை. சாட்சி சொல்கிற மாதிரி சொன்னார்.

மிஸஸ் தியோவின் கண் அக்காவின் மேல் மேலிருந்து கீழ்வரை போனது. தேய்ந்த ரப்பர் செருப்பு, சோப்புத் தண்ணீரில் வெடித்த விரல்கள், பையில் துருத்திக்கொண்டிருந்த ஆ ஹெங்கின் மருந்துச் சீட்டு. அவர் நினைத்துக்கொண்டு வந்த பெண் இது இல்லை என்று அவருக்கே தெரிந்துவிட்டது.

அக்கா பெஞ்சில் உட்கார்ந்தார். பக்கத்தில் அவரையும் உட்காரச் சொன்னார். கொடுத்த வாக்கை மீறுவதா என்று அவர் யோசித்த மாதிரியே தெரியவில்லை. பிறகொரு நாள் அதைப் பற்றிக் கேட்டபோது, யோசிக்க எனக்குத் தெம்பில்லை வேதா, ஒரு மூட்டையை இறக்கி வைத்தால் போதும் என்று இருந்தது என்றார்.

"வேல போயிருச்சு அவருக்கு. மார்ச்லயே. உங்ககிட்ட சொல்ல வெக்கம். அதான் தெனம் கிளம்பிப் போயி பெஞ்சுல உக்காந்துட்டு வர்றாரு."

"அவ்வளவுதானா?" என்றார் மிஸஸ் தியோ. பிறகு அவர் முகம் கோணியது. "பாவி மனுஷன். மார்ச்லேர்ந்தா? போன மாசம் புதுத் திரைச்சீலை கேட்டேன், வாங்கிக் குடுத்தாரே." முந்தானை இல்லாததால் கூடையின் விளிம்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். அக்கா அவர் முதுகில் தட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். அன்று அக்கா வேலைக்குப் போகவே இல்லை. ஒரு நாள் கூலி போயிற்று.

வீட்டில் கணவனும் மனைவியும் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. திங்கட்கிழமை ஏழு பத்துக்கு டட்சன் வந்தது. மிஸ்டர் தியோ டை கட்டியிருந்தார். மூன்று விரல் காட்டினார், எங்களை இதற்கு முன் பார்த்தே இராதவர் மாதிரி. ஏறினோம். எல்லை வளைவைத் தாண்டினோம். பிறகு அவர் முன்னால் பார்த்தபடியே, அந்தக் கடித அறைக்கு ஆள் எடுத்துவிட்டார்களா என்று கேட்டார்.

"இன்னும் இல்ல தவுக்கே" என்றார் அக்கா. "ஆனா அங்க டை கட்டுனா சிரிப்பாங்க."

மிஸ்டர் தியோ அந்தக் கடித அறையில் பதினொரு வருஷம் வேலை பார்த்தார். பழைய சம்பளத்தில் பாதிகூட வராது. முதல் மாதங்களில் தெரிந்தவர் யாராவது மின்தூக்கியில் வந்தால் கடிதக் கட்டுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொள்வாராம். போகப் போக அதுவும் விட்டுப்போயிற்று. பத்தரை மணிக்கு அக்கா தள்ளுவண்டியோடு கீழே இறங்கி அவருக்கும் ஒரு டீ வைப்பார். கட்டடத்துக்குள் 'மிஸ்டர் தியோ', காரில் 'தவுக்கே'. கோப்பை கழுவுகிற பொம்பளை என்று சொன்னதற்கு அவர் மன்னிப்புக் கேட்டாரா என்று ஒருமுறை அக்காவிடம் விசாரித்தேன். குடித்த கோப்பையை அவரே கழுவி வைத்துவிடுவார் என்றார்.

மிஸஸ் தியோதான் எதிர்பாராத விதமாக ஒட்டிக்கொண்டவர். அந்த வருஷக் கடைசியிலிருந்து சனிக்கிழமை மத்தியானம்தோறும் அக்காவின் வீட்டுக்கு வந்தார். ஒரு அந்நியப் பெண் தன்னைப் புரட்டித் துடைப்பதா என்று ஆ ஹெங் முதல் இரண்டு வாரம் சுவரைப் பார்த்தே படுத்திருந்தார். மிஸஸ் தியோ லேசுப்பட்டவர் இல்லை. வானொலியில் தியோச்சியூ நாடகத்தைப் போட்டுவிட்டு, கதையில் வருகிற மருமகள் செய்தது சரியா தப்பா என்று அவரோடு வம்புக்கு நிற்பார். மூன்றாம் வாரம் ஆ ஹெங் எதிர்த்துப் பேச ஆரம்பித்தார். அந்தச் சத்தத்துக்கு நடுவிலே உள்ளறையில் அக்கா மூன்று மணி நேரம் தூங்குவார்.

1989 ஜூனில் சட்டத்தை மாற்றினார்கள். நாலு பேர் இருந்தாலும் இனிமேல் சீட்டு வேண்டும். அறிவிப்பு வந்த அன்று காரில் பாசிரான் அண்ணன், அப்படியென்றால் இனிமேல் நான் வெறும் ஆள்தான், நான்காவது ஆள் இல்லை என்றார். புதிய சட்டம் வந்த மறுநாள் ஆறாவது மைலுக்குப் போனேன். கார் எதுவும் நிற்கவில்லை. பல வருஷமாகத் தினமும் பார்த்த முகங்கள் எல்லாம் பஸ் வருகிற பக்கம் கழுத்தைத் திருப்பிக்கொண்டு நின்றன.

டட்சன் மட்டும் வந்தது. கண்ணாடியில் சீட்டு ஒட்டியிருந்தது. அக்கா அதைப் பார்த்தார், எவ்வளவு என்று கேட்டார். இப்போது குறைத்துவிட்டார்கள், மூன்று வெள்ளிதான் என்றார் மிஸ்டர் தியோ. அந்த வாரம் முழுக்க அப்படி வந்தார். வாரக் கடைசியில் நாங்கள் ஆளுக்கு முக்கால் வெள்ளி கொடுப்பதாகச் சொன்னோம். அவர் வாங்கவில்லை. கடித அறைச் சம்பளத்தில் மாதம் அறுபது வெள்ளி என்ன பாடு என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

திங்கட்கிழமை அக்கா ஒரு மணி நேரம் முன்னாலேயே பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். செவ்வாயும் அதே. மிஸ்டர் தியோ அவரைக் கடித அறையில் பிடித்துக் கேட்டபோது, எனக்காகக் காசு கட்டி என்னைத் தூங்கவைக்க நான் என்ன பிள்ளையா என்றாராம். ஆகஸ்டில் அவர் காரை விற்றுவிட்டார். அதுவும் பழசாகிவிட்டிருந்தது. அதன் பிறகு இருவரும் பஸ்தான், வேறு வேறு நேரத்தில்.

பஸ்ஸில் போன வருஷங்கள் அக்காவை ரொம்பத் தேய்த்துவிட்டன. நாலு மணிக்கு எழுந்தவர் மூன்றரைக்கு எழ வேண்டியதாயிற்று. ஒரு தடவை பஸ் திடீரென்று நின்றபோது, நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தவர் கம்பியிலிருந்து கை நழுவி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். ஆறு வாரம் கட்டு. மிஸஸ் தியோ அந்த ஆறு வாரமும் தினமும் வந்து ஆ ஹெங்கைக் கவனித்தார். அப்போது நான் ஜூரோங்குக்கு வீடு மாறியிருந்தேன். மாதத்துக்கு ஒருமுறை போவேன். அந்த வீட்டில் எப்போதும் ஈர விரிப்பு வாசனையும் நாடகப் பாட்டும் இருக்கும்.

ஆ ஹெங் 1992இல் நுரையீரலில் சளி கட்டி இறந்தார். மிஸ்டர் தியோ நாலு வருஷம் கழித்து, கடித அறையில் வேலைக்கு நடுவிலேயே மார்வலி வந்து போய்ச் சேர்ந்தார். அக்காதான் டீயோடு உள்ளே போனவர். அவர் மேசைமேல் சாய்ந்திருந்ததைப் பார்த்து, எழுப்ப வேண்டாம் என்று டீயை வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டாராம். பத்து நிமிஷம் கழித்து இன்னொருவர் போய்ப் பார்த்துத்தான் தெரிந்தது. அந்தப் பத்து நிமிஷத்தை வைத்து அக்கா தன்னைப் பல நாள் வதைத்துக்கொண்டார். முன்னாலேயே தெரிந்திருந்தாலும் பயன் இருந்திருக்காது என்று மருத்துவர் சொன்னதை நான் எடுத்துச் சொன்னேன். அது அவருக்கும் தெரியும். தெரிந்து என்ன.

முழங்கால் விட்டுப்போனதும் அறுபது வயதில் அக்கா வேலையை நிறுத்தினார். எல்லையில் வார்டன்களுக்குப் பதிலாகத் தானாகக் காசு பிடிக்கும் இயந்திர வளைவுகள் வந்ததும் அந்த வருஷம்தான். இரண்டு விதவைகளும் தனித்தனி வீட்டில் இருந்து என்ன செய்வது என்று மிஸஸ் தியோ பிடிவாதம் பிடித்தார். அக்காவின் சாமான்களை நானும் என் கணவரும்தான் வண்டி பிடித்து ஏற்றிக் கொண்டுபோனோம். எல்லாம் சேர்த்து ஏழு பெட்டி. அதில் இரண்டு, ஆ ஹெங்கின் விரிப்புகள்.

போன மாதம் போயிருந்தேன். இருவரும் சோபாவின் இரண்டு மூலையில் உட்கார்ந்து மீனைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். மிஸஸ் தியோ வாங்கிவந்தது பழைய மீன் என்பது அக்காவின் வாதம். கண்ணைப் பார்த்துத்தான் வாங்கினேன் என்பது அவருடைய வாதம்.

"மீன் கண்ணப் பாத்தாளாம். விக்கறவன் மூஞ்சியப் பாத்து வாங்கிட்டு வந்திருக்கா" என்றார் அக்கா என்னிடம்.

"அப்ப நாளைக்கு நீயே போ. அந்தக் கால வச்சுக்கிட்டு நடந்து போய் வாங்கிட்டு வா, பாப்போம்."

போகத்தான் போகிறேன் என்றார் அக்கா. எனக்குக் கஞ்சியும் அந்த மீனும் வைத்தார்கள். மீன் நன்றாகத்தான் இருந்தது. அதை நான் சொல்லவில்லை.